எந்த நாயானாலும் சரி

அந்த ஆள் கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தியபோது ஐம்பத்து நான்கு நாய்களில் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

சுனந்தாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. நொய்க்கஞ்சி ஆறிவிட்டதா என்று அண்டாவின் விளிம்பில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கம் ரோட்டில் லாரி போனால், பக்கத்துத் தோப்பில் தென்னமட்டை விழுந்தால், தபால்காரர் அரை பர்லாங்குக்கு அப்பால் மணியடித்தால் போதும், ஒன்று தொடங்கி ஐம்பத்து நான்கும் சேர்ந்து, பழைய கடலை மில்லின் தகரக் கூரையே அதிரும்படி கத்தித் தீர்க்கிற கூட்டம் அது. அந்தச் சத்தம் சட்டென்று அறுந்துபோனபோது தன் காதுதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள். நிமிர்ந்தால் முற்றம் காலி. நாய்கள் எல்லாம் பின்சுவரோரமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டு, மழையில் நனைந்த சாக்குமூட்டைகள் போலக் கிடந்தன. ஈர ரோமத்தின் நாற்றம் மட்டும் முற்றத்தில் நின்றது.

"டீச்சரம்மா," என்று கேட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "இங்க நாய் குடுக்கறீங்கன்னு சொன்னாங்க."

நாற்பது வயதிருக்கும். வெளுத்த வேட்டி, நீலக்கரைத் துண்டு, கையில் புதுக் கயிறு. பெயர் தசரதன் என்றான். அடி அண்ணாமலையைத் தாண்டி, மலையைப் பார்த்தாற்போல் கடலைக் கொல்லையும் வீடும் இருக்கிறது என்றான்.

"காவலுக்காங்க?"

"காவலுக்கில்லீங்க. சம்சாரத்துக்குப் போன வருசம் பேச்சு போயிடுச்சு. வீடே சத்தமில்லாம கெடக்குது. ஒரு நாய் கொலச்சிக்கினு கெடந்தா பரவால்லன்னு தோணுச்சு."

சுனந்தாவுக்கு மனம் இளகிவிட்டது. குட்டியா, பெரியதா, ஆணா, பெட்டையா என்று கேட்டாள்.

"எந்த நாயானாலும் சரிங்க."

நாலு வருஷத்தில் அப்படிச் சொன்ன முதல் மனிதன் அவன்தான்.

வருகிறவர்கள் எல்லாம் வெள்ளைக் குட்டி கேட்பார்கள். அதுவும் ஆண் குட்டி. பெட்டை வேண்டாம், சொறி வேண்டாம், கிழடு வேண்டாம். சுனந்தா அவனுக்குக் கட்டைக்கால் என்ற நாயைக் காட்டினாள். பஸ் ஏறி முன்னங்கால் போனது, முதுகு முழுக்கச் சொறி. இரண்டு வருஷமாக யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. தசரதன் குனிந்து கயிற்றைக் கழுத்தில் மாட்டினான். நாய் நடுங்கியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. ஆனால் முனகக்கூட இல்லை. சைக்கிளுக்குப் பின்னால் மூன்று காலில் தத்தித் தத்திப் போய், புளியமரங்களுக்கு அப்பால் மறைந்தது.

அவன் மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் முற்றத்தில் முதல் குரைப்பு எழுந்தது.

சுனந்தா அரசாங்கப் பள்ளியில் தையல் டீச்சர். பூச்சி புழு மிதிபட்டுவிடும் என்று பார்த்து நடக்கிற, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற ஜைனக் குடும்பம். எழுபத்தொன்பதில், கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம், ஒரு விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் ஒரு மாட்டுவண்டியைப் பார்த்தாள். வண்டி நிறைய நாய்கள். செத்தவை. திருவிழாக் கூட்டம் வருமுன் யாரோ மருந்து வைத்திருந்தார்கள். குவியலின் அடியில் ஒரு வால் மட்டும் இன்னும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அந்த வாலுக்குரிய நாயை இழுத்தெடுத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள்தான், பிறகு நிற்கவே முடியவில்லை. ஒன்று நாலாயிற்று, நாலு நாற்பதாயிற்று. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பெரியப்பா மகன் விருசபதாசன், ஓடாமல் கிடந்த தன் கடலை மில்லைக் கொடுத்தார். மில்லின் முன்னறையில் அவள் குடியேறினாள். ஊரில் யார் வீட்டுக் கதவிடுக்கில் குட்டி போட்டாலும் கோணியில் கட்டிக் கொண்டுவந்து இந்தக் கேட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது விருசபதாசன் மில்லை விற்றுவிட்டார். தீபக் கொடியேற்றத்துக்குள் இடம் காலியாக வேண்டும். வேலூரில் இருந்த ஒரு பிராணிகள் காப்பகத்துக்கு எழுதிப் போட்டாள். "இருபது நாய்களுக்கான இடத்தில் எழுபது இருக்கின்றன. தயவுசெய்து அனுப்ப வேண்டாம்" என்று கார்டு வந்தது. மெட்ராஸ்காரர்கள் அதுகூட எழுதவில்லை. படுத்தால் தூக்கம் வராது. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் காட்டிக்கொடுக்கும்போதும் மனம் அந்த மாட்டுவண்டியிலேயே இருந்தது.

அதனால் மறுவாரம் தசரதன் மறுபடி வந்து நின்றபோது அவள் எதையும் துருவிக் கேட்கவில்லை.

"இன்னொண்ணு வேணுங்க."

"கட்டைக்கால் எப்படி இருக்கு?"

"உள்ளதான் இருக்குதுங்க. சொறியெல்லாம் ஆறிப்போச்சு."

வெள்ளிக்கிழமை தோறும் வந்தான். பிறகு செவ்வாயும் வந்தான். கண் தெரியாத சீமாட்டியைக் கொண்டுபோனான். கடிக்கிற மொட்டைவாலைக் கொண்டுபோனான். கிழட்டுப் பூனைக்கண்ணியைக் கொண்டுபோனான். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி முற்றம் அடங்கியது, பின்சுவரில் அதே குவியல் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் போன பிறகு சுனந்தா ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுக்குள் வேறு எதுவும் நுழைய அவள் விடவில்லை.

முன்னி பேகம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள். முன்னி பேகத்துக்கு ஐம்பது வயது. விடியற்காலையில் வந்து கஞ்சி காய்ச்சுவாள், முற்றம் கழுவுவாள். கொழுந்தனுடைய கறிக்கடையிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் முந்தானைக்குள் எலும்பு மறைத்துக் கொண்டுவந்து நாய்களுக்குப் போடுவாள். சுனந்தா அந்த நேரத்தில் துணி உலர்த்தப் போய்விடுவாள். நாலு வருஷமாக இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"டீச்சரம்மா, இத்தப் பாருங்க," என்று முன்னி ஒரு கயிற்றை நீட்டினாள். "போன வாரம் இட்டுனு போன கயிறு. தோச்சி, மடிச்சிக் கொண்டாந்து குடுக்கறான். நாய் இட்டுனு போறவனுக்குக் கயிறு வாணாமா?"

"கட்டிப்போட வேண்டாம், அதுங்களா எங்கயும் போறதில்லன்னு சொன்னார்க்கா."

"மொட்டவாலு? அது எங்கயும் போவாதா? ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்க."

"போறேன்க்கா. பரீட்சை முடியட்டும்."

பரீட்சை முடிந்தது. போகவில்லை. மழை என்று ஒரு வாரம், ஜுரம் என்று ஒரு வாரம். பதினோராவது நாயான செவலையைக் கொண்டுபோக வந்தபோது தசரதன் ஒன்றும் பேசவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று ஒரு விரலைக் காட்டினான். கன்னம் ஒட்டியிருந்தது. சுனந்தா ஏதோ கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினான்.

"இன்னிக்கு வாயே தொறக்கல பாத்தீங்களா," என்றாள் முன்னி.

மூன்றாம் நாள் செவலை திரும்பி வந்தது.

பள்ளியிலிருந்து வந்த சுனந்தா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஐப்பசி மழை சற்றே விட்ட மாலை, ரோடு முழுக்கச் செந்தண்ணீர், புளியமரங்களிலிருந்து ஓயாமல் சொட்டுச் சத்தம். கேட்டுக்கு நேரே, மில்லைப் பார்த்தபடி செவலை உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரியாமல் தேறியிருந்தது. ரோமம் எண்ணெய் தடவியது போல மின்னியது. அவள் பார்த்த நாலு வருஷத்தில் அத்தனை அழகாக அந்த நாய் இருந்ததில்லை.

"செவலை! வந்துட்டியா கண்ணு?"

வால் ஆடவில்லை. கண் அவள் பக்கம் திரும்பவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. திறந்து மூடியது. தொண்டை இறுகி விம்முகிறது, முன்னங்கால் ஒவ்வொரு தடவையும் மண்ணில் எம்புகிறது, பல் தெரிகிறது. நாய் குரைத்துக்கொண்டிருந்தது. முழுப் பலத்தோடு குரைத்துக்கொண்டிருந்தது.

சத்தம் இல்லை.

சொட்டுச் சத்தம் கேட்டது. தூரத்து ஹாரன் கேட்டது. நாயின் வாயிலிருந்து மூச்சுக்காற்றுகூடக் கேட்கவில்லை.

கஞ்சி வைத்தாள். தொடவில்லை. கேட்டைத் திறந்துவிட்டாள். உள்ளே வரவில்லை; உள்ளேயிருந்த நாற்பத்து மூன்று நாய்களும் பின்சுவரை விட்டு வரவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் பள்ளி. சுனந்தா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் செவலை எழுந்தது, திரும்பியது, மலைப் பாதையைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.

"தனியாவா போறீங்க?" என்று முன்னி கேட்டாள்.

"பொழுதோட வந்துடுவேன். கேட்டை மட்டும் பூட்டி வையுங்க. நான் சொல்லாம யாருக்கும் தொறக்காதீங்க."

மலையை வலப்புறமாக வைத்து நாய் போனது. ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு தடவையும் மோப்பம் பிடிக்கவில்லை. பௌர்ணமி இல்லாத நாள், பாதையில் ஆளில்லை. அடி அண்ணாமலையில் சந்திரம்மாள் என்பவளின் பெட்டிக்கடை மட்டும் திறந்திருந்தது. சுனந்தா தசரதன் வீட்டை விசாரித்தாள்.

"அந்த ஊடா? அந்தப் பனமரத்தாண்ட போங்க. இன்னாம்மா விசேஷம் அங்க? ராவும் பகலும் ஒரே பேச்சு சத்தம், நாய் சத்தம், கூட்டம் கூடின மாதிரி. ஆனா ஒரு ஆள் போறதையும் காணோம், வர்றதையும் காணோம்."

சத்தமில்லாத வீடு என்றுதானே அவன் சொன்னான்?

பனைமரத்தைத் தாண்டும்போதே சூரியன் இறங்கிவிட்டது. வானம் இன்னும் வெளிச்சமாக இருக்க, கொல்லை முழுவதும் அந்திக் கருக்கலுக்குள் ஈரமும் குளிருமாகக் கிடந்தது. பறிக்காமல் விட்ட கடலைச்செடி அழுகிய வாடை. அதற்கும் மேலாக, மூடியே வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு பழைய வாடை. முதலில் அவளுக்குக் கேட்டது மொட்டைவாலின் குரல். அதன் பிறகு சீமாட்டியின் இழுவை. ஒவ்வொரு குரலும் அவளுக்குத் தெரியும். இருட்டில் கேட்டாலும் பெயர் சொல்வாள். உயிரோடு இருக்கின்றன என்று நெஞ்சு நிறைந்து வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

வாசலில் நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பத்து நாய்கள், வீட்டைப் பார்த்தபடி. செவலை போய்ப் பதினொன்றாவது இடத்தில் உட்கார்ந்தது. எல்லாம் கொழுத்து, மின்னிக்கொண்டு. வரிசையின் இந்தக் கடைசியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் தசரதன்.

"கட்டைக்கால்!" என்று கூப்பிட்டாள் சுனந்தா.

கட்டைக்காலின் தாடை அசைந்தது. குரைப்பு வந்தது.

வீட்டுக்குள்ளிருந்து.

தசரதன் திரும்பினான். அவளைக் கண்டதும் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு அவளைப் பார்த்து, வாயைப் பொத்து, பொத்து என்று சைகை காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. நாய்களை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"மொட்டைவால்! சீமாட்டி! பூனைக்கண்ணி! எழுந்திருங்க, வாங்க! வா கண்ணு, வா, வா!"

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாடை அசைந்தது. ஒவ்வொரு தாடைக்கும் உள்ளே ஒரு குரைப்பு. கதவு முழுசாகத் திறந்துதான் இருந்தது. வாசற்படிக்கு அப்பால் ஓர் அடிக்கு மேல் கண் போகவில்லை. உள்ளே ஒரு பெண்குரல், "அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடப் போவுது," என்று சாதாரணமாகச் சொன்னது. பூ வைத்த பெண்ணின் உதடுகள் அந்த வார்த்தைகளைப் பின்தொடர்ந்து அசைந்தன.

"வாங்க டீச்சரம்மா," என்றது தசரதனின் குரல், உள்ளேயிருந்து. "உள்ள வாங்க."

தசரதனின் வாயில் அவன் கை அப்படியே இருந்தது. விரல்களுக்கு மேலே கண்ணீர் வழிந்தது.

சுனந்தா பின்னால் ஓர் அடி வைத்தாள்.

உள்ளே எல்லாம் அடங்கியது. நாய்க்குரல் இல்லை. பேச்சு இல்லை. யாரோ தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல ஒரு சின்னச் சத்தம்.

"கட்... டைக்கால்," என்றது.

புதிதாகப் பாடம் படிக்கிற பிள்ளை போல. எழுத்துக்கூட்டி.

"கட்டைக்கால். மொட்டை... மொட்டைவால்."

சுனந்தாவின் குரல். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை பிள்ளைகள் கேட்டுப் பழகிய குரல். கொஞ்சம் கரகரப்பு, கடைசியில் ஓர் இழுப்பு.

"வா கண்ணு," என்றது அன்பாக. "வா, வா."

ஓடினாள். குடை விழுந்தது. செருப்பு விழுந்தது. படல் முள் சேலையைக் கிழித்தது. நாய்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றைக்கூட.

பெட்டிக்கடைக்கு முன்னால் நின்று சந்திரம்மாளிடம் தண்ணீர் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது. நாக்கு அசைந்தது. அவ்வளவுதான். கையைக் குவித்துக் காட்டி வாங்கிக் குடித்தாள்.

மில்லுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. முன்னி வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தாள்.

"இன்னா ஆச்சு? பாத்தீங்களா? நல்லா இருக்குதுங்களா?"

சுனந்தா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். முன்னி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "மழைல நனஞ்சி தொண்ட கட்டிக்கிச்சு. ஜுரம்கூட இருக்குது. இருங்க," என்று அதிமதுரத்தைத் தட்டிக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். பொழுது சாய்ந்தபின் அவள் எதுவும் சாப்பிடமாட்டாள் என்பதுகூட அன்றைக்கு இருவருக்கும் நினைவில்லை. சுனந்தா பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி நீட்டினாள். முன்னி அதை வாங்கி, விளக்கருகில் பிடித்து, சிரித்துத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு எங்க படிக்கத் தெரியும் டீச்சரம்மா? எதுவா இருந்தாலும் காலைல பேசிக்கலாம். தூங்குங்க."

தாளில் இருந்தது ஒரே வரி: கேட்டைத் திறக்காதே.

தூக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. நோட்டை மார்பில் வைத்தபடி, காதை ரோட்டுப் பக்கம் கொடுத்துக்கொண்டு, சுவர் மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சொட்டுச் சத்தமும் ஒரு பெயரின் முதல் எழுத்தாகக் கேட்டது. ஜுரம் உடம்பை அமுக்கியது. விழித்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம். காகம் கத்தியது. கஞ்சி கொதிக்கிற வாசனை.

நாய்ச் சத்தம்.

சந்தோஷமான சத்தம். வால் எல்லாம் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கிற, நகம் தரையைப் பறண்டுகிற, சாப்பாட்டு நேரத்துச் சத்தம். அது முற்றத்திலிருந்து வரவில்லை. ரோட்டிலிருந்து வந்தது. விலகிக்கொண்டே போனது.

கதவைத் திறந்து முற்றத்துக்கு ஓடினாள்.

முற்றம் காலி. பின்சுவர் காலி. கேட் இரண்டு பக்கமும் அகலத் திறந்து கிடந்தது. கேட்டருகே முன்னி பேகம் கஞ்சிக் கரண்டியோடு நின்று ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால், காலை வெயிலில், நாற்பத்து மூன்று நாய்கள், ஈரத்தாரில் நகம் தட்ட, அடி அண்ணாமலைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. நொண்டிகள் நொண்டிக்கொண்டு. குட்டிகள் விழுந்து எழுந்துகொண்டு. ரோட்டின் வளைவுக்கு அப்பாலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, ஒரு குரல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு பெயரும் தப்பவில்லை.

சுனந்தா கூப்பிட்டாள். வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

காலடி கேட்டு முன்னி திரும்பினாள்.

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிற்று. ரோட்டைப் பார்த்தாள். மறுபடி சுனந்தாவைப் பார்த்தாள். கலைந்த தலை, கிழிந்த சேலை, செருப்பில்லாத கால். முழுப் பலத்தோடு திறந்து மூடுகிற, சத்தமில்லாத வாய்.

"யா அல்லா," என்றாள் முன்னி, மெதுவாக. "நீ... நீ யாரு?"

சுனந்தா கையை நீட்டினாள். முன்னி பின்வாங்கினாள். கரண்டி கீழே விழுந்து கஞ்சி தெறித்தது.

"முன்னிக்கா," என்று வளைவுக்கு அப்பாலிருந்து குரல் கூப்பிட்டது. கொஞ்சம் கரகரப்பு, கடைசியில் ஓர் இழுப்பு. "அங்க நிக்காதீங்கக்கா. அது நானில்ல. சீக்கிரம் வாங்க."

"தோ வந்துட்டேன் டீச்சரம்மா!" என்று கத்திக்கொண்டே, முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி, முன்னி பேகம் நாய்களுக்குப் பின்னால் ஓடத் தொடங்கினாள்.